வெண்கலமா, வெள்ளியா?

அமெரிக்காவில் வேலை செய்யும் இடத்தில் மருத்துவக் காப்பீடு கிடைக்காதவர்கள், 2014 முதல் அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் தாங்களே பாலிசி வாங்கிக்கொள்ளலாம். 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் பயன் இது. அதற்கு முன், தனியாகப் பாலிசி கேட்டுப் போன சர்க்கரை நோயாளியைப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிகள் திருப்பி அனுப்ப முடிந்தது. இன்று இந்தச் சந்தையில் ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டிப் பாலிசியை மறுக்கவும் முடியாது, பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. இவ்வளவு போராடித் திறந்த கதவுக்குள் நுழைந்த பிறகும், பலர் மாதப் பிரீமியம் எது குறைவு என்று மட்டும் பார்த்துப் பாலிசி எடுக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு இது பெரும் நஷ்டத்தில் முடியலாம்.

இந்தச் சந்தையில் பாலிசிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பெயர். வைத்தியத்தின் தரத்துக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. செலவில் கம்பெனி ஏற்கும் பங்கு சராசரியாக 60, 70, 80, 90 சதவீதம் என்பதே அவற்றின் பொருள். ஆனால் வருமானம் வறுமைக்கோட்டின் இரண்டரை மடங்குக்குள் இருப்பவருக்கு, பிரீமிய மானியத்துக்கு மேல் இன்னொரு சலுகையும் உண்டு. அது வெள்ளியில் மட்டுமே கிடைக்கும். 2025-இல் ஆண்டுக்கு 28,000 டாலர் சம்பாதித்த தனியாள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வெள்ளி பாலிசி 87 சதவீதம் வரை தாங்கும், அதாவது தங்கத்தையும் மிஞ்சிவிடும். மானியம் போக வெண்கலத்துக்கு மாதம் 10 டாலர், வெள்ளிக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், வெண்கலத்தில் வருடத்துக்கு 480 டாலர் மிச்சம். அதே வருடம் ஒரு பெரிய அறுவை சிகிச்சை வந்தால், வெண்கலத்தில் அவர் கையிலிருந்து 9,200 டாலர் வரை போகலாம். வெள்ளியில் 3,050 டாலருக்கு மேல் போகாது. 28,000 டாலர் சம்பளக்காரருக்கு அந்த 6,150 டாலர் வித்தியாசம் கடனாளியாவதற்குப் போதும்.

'உடம்பு திடமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத நான் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்?' என்று இளைஞர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். வருமானம் அந்த இரண்டரை மடங்கு வரம்பைத் தாண்டியிருந்து, பாலிசி கைகொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை சேமிப்பில் இருந்தால் வெண்கலம் சரியான தேர்வே. தடுப்பூசி, சில அடிப்படைப் பரிசோதனைகள் அதிலும் இலவசம். சேமிப்பு இல்லாதவருக்கு இந்த வாதம் பொருந்தாது, ஏனென்றால் விபத்து வயது பார்த்து வருவதில்லை. சலுகை வரம்புக்கு மேல் உள்ளவர்கள் தங்கத்தின் விலையையும் பார்க்க வேண்டும். இந்தச் சலுகைக்காகக் கம்பெனிகளுக்கு ஈடுகட்டி வந்த பணத்தை மத்திய அரசு 2017 அக்டோபரில் நிறுத்தியது. கம்பெனிகள் அந்தச் சுமையை வெள்ளியின் பிரீமியத்தில் ஏற்றின. விளைவாக, சில ஊர்களில் வெள்ளியைவிடத் தங்கமே மலிவாகக் கிடைக்கிறது.

ஆகவே பன்னிரண்டு மாதப் பிரீமியத்தோடு, வருடத்தில் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பையும் கூட்டி, அந்தத் தொகைகளை ஒப்பிட வேண்டும். அதோடு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அந்தப் பாலிசியின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று டாக்டரின் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்பது உத்தமம். நெட்வொர்க்குக்கு வெளியே ஆகும் செலவு பொதுவாக அந்த உச்சவரம்பில் சேராது. பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1 முதல் பதிவு தொடங்குகிறது. ஐடி வேலை போய் அதோடு காப்பீடும் போன தமிழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். காப்பீடு நின்ற நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சந்தையில் பாலிசி எடுக்கலாம். அந்த அவசரத்தில், சந்தைக்கு வெளியே மலிவாக விற்கும் குறுகியகால பாலிசிகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய நோய்க்குப் பணம் தர மறுக்கும் உரிமை அவற்றுக்கு இன்றும் இருக்கிறது.