மில்லிமீற்றர் அலையும் நுண்ணிய வான்கம்பியும்

வானொலி கேட்பதற்காகக் கூரைக்கும் பனைமரத்துக்கும் இடையே நீண்ட வான்கம்பி கட்டிய காலத்தை மூத்த நேயர்கள் அறிவர். அன்ரெனா எனப்படும் அக்கம்பி, இன்று வீட்டினுள் கம்பியின்றிச் செய்தி கடத்தும் கருவிகளிலும் உண்டு. ஆயினும் அது கண்ணுக்குப் புலனாகாவண்ணம் உள்ளே அடங்கியிருக்கின்றது.

வான்கம்பியின் அளவு அலையின் நீளத்தைப் பொறுத்தது. பொதுவாக அது அலைநீளத்திற் பாதியாக அமைக்கப்படும். வைஃபை கருவிகளில் வழங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர், அதற்குரிய கம்பி ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். 60 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ 5 மில்லிமீற்றர். அதற்குரிய கம்பி அரிசிமணியினும் சிறிது. இத்தகைய நுண்ணலைகளை ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே கல்கத்தாவில் ஆராய்ந்தார். இவ்வலைகள் மிகுதியான செய்தியை விரைந்து கடத்த வல்லன. ஆதலின் இவற்றைப் பயன்படுத்தும் உள்ளக வலையமைப்புக்கான தரநியமம் ஒன்று 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எனினும் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறு சிரட்டை சிறிதளவு மழைநீரையே ஏந்துவது போல, சிறு கம்பி சிறிதளவு ஆற்றலையே ஏந்தும். அலைநீளம் 25 மடங்கு குறுகும்போது, கம்பி ஏந்தும் ஆற்றல் 625 மடங்கு குறைந்துவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? சிறு கம்பிகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்துவதே. தேர்வடம் பிடிப்போர் யாவரும் ஒருங்கே இழுக்கும்போது தேர் நகர்வது போல, பல கம்பிகளின் அலைகள் ஒத்திசைந்தால் ஒரு திசையில் வலிமை பெருகும். அனுப்பும் கருவியில் 64 கம்பிகளும் வாங்கும் கருவியில் 16 கம்பிகளும் அமைப்பின், வலிமை 1024 மடங்காகி, இழப்பு ஈடுசெய்யப்படும். அந்த 64 கம்பிகளும் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர்ச் சதுரத்துள் அடங்கும். கம்பிக்குக் கம்பி மின்னோட்டத்தைச் சிறிது தாமதிக்கச் செய்தால், கருவி அசையாமலே அலைக்கற்றை வேறு திசைக்குத் திரும்பும்.

அவ்வாறு திருப்புதல் இன்றியமையாதது. ஏனெனில், செங்கற்சுவரும் மனித உடலும் இவ்வலைகளைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன. சத்திரசிகிச்சைக் கூடமொன்றில், உடலின் உட்பகுதியைக் காட்டும் படம் கம்பியின்றித் திரைக்குச் செல்வதாகக் கொள்வோம். தாதி ஒருவர் குறுக்கே வந்த மாத்திரத்தில் படம் மறைந்தால், சத்திரசிகிச்சை நிபுணரின் கை எதனை நம்பி இயங்கும்? அக்கணமே கற்றை சுவரில் தெறித்து வேறு வழியாகத் திரையை அடைதல் வேண்டும். அன்றேல் கூரையிற் பொருத்திய மற்றோர் அணி அப்பணியை ஏற்றல் வேண்டும். ஆதலால் வான்கம்பியை வகுக்கும் பொறியியலாளர், அறையின் அமைப்பையும் அங்கு நடமாடுவோரின் போக்குவரவையும் முன்னரே ஆராய்ந்து கொள்கின்றனர்.