ஆபரேஷனுக்கு அடுத்த நாட்கள்

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் வந்து சொன்னதும் வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வரும். உண்மையில் கவனம் கூடவேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில், 247 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அதில் பதிவான மரணங்களில் மிகப் பெரும்பாலானவை ஆபரேஷன் மேஜையில் நேரவில்லை. மறுநாளோ அதற்குப் பிறகோ நேர்ந்தவை.

ரத்தக்கசிவு, நுரையீரல் தொற்று, தையல் விட்டுப்போவது போன்ற சிக்கல்கள் கைதேர்ந்த நிபுணரிடமும் வரும். 2009இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 84,730 நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளில் சிக்கல் வந்தவர்கள் 26.9 சதவீதம், மிக அதிகமான இடங்களில் 24.6. ஏறக்குறைய ஒன்றுதான்! ஆனால், கடுமையான சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 21.4 சதவீதம்.

சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, எவ்வளவு வேகமாகச் செயல்பட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

குடலில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் இரவு என்று வைத்துக்கொள்வோம். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தமும் சரி. நாடித்துடிப்பு மட்டும் 112. மூச்சு நிமிடத்துக்கு 26 முறை. 'வலியாக இருக்கும்' என்று விட்டுவிட எல்லாக் காரணமும் உண்டு. உள்ளே குடல் இணைப்பு கசியத் தொடங்கியிருக்கவும் கூடும். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் அந்த நாடிக்கு 2, மூச்சுக்கு 3. கூட்டினால் 5. ஐந்தைத் தொட்டால் டாக்டர் உடனே வந்து பார்த்தாக வேண்டும்.

ஆனால், மூச்சை முழு நிமிடம் நின்று எண்ண ஆள் வேண்டுமே! பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஆபத்து மிகுந்தவர்களைக் கூடுதலாகக் கண்காணிக்கச் சொல்லிப் பின்னர் நடத்திய பெரிய பரிசோதனையில் இறப்பு குறையவில்லை. போதிய ஆளும் வசதியும் தராமல் 'நன்றாகக் கவனியுங்கள்' என்று மட்டும் சொன்னால் பயன் இராது என்றே இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி வார்டில் நர்ஸ்களைக் கூட்டுவதைச் செலவுக் கணக்கில் எழுதும் நிர்வாகங்கள் இந்த எண்களைப் பார்க்கட்டும். நோயாளிக்குத் துணையிருப்பவர்களும், மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம்.