வேகம் குறைந்தால் வளையும் பவுல்

மெல்பர்ன் புறநகர்களில், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் லான் பவுல்ஸ் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. பல கிளப்புகளில் வார இறுதி மாலைகளில் வெளியாட்களும் காசு கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு ஆடலாம். 'பேர்ஃபுட் பவுல்ஸ்' என்றே அதற்குப் பெயர். நான் போன கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் பவுல் என்ற அந்தப் பந்தைக் கையில் கொடுத்ததும் சொன்ன முதல் பாடம்: "சின்ன வட்டம் உள்பக்கம் இருக்கணும்."

பவுலின் இரு பக்கமும் வட்ட முத்திரைகள் உண்டு. சிறிய வட்டம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் பவுல் வளையும். ஜாக் என்ற குட்டிப் பந்து 23 மீட்டருக்குக் குறையாத தொலைவில் கிடக்கும். அதற்கு மிக அருகில் பவுலை நிறுத்துபவருக்குப் புள்ளி. ஜாக்கைக் குறிவைத்து உருட்டினால் பவுல் வேறெங்கோ போய் நிற்கும். நன்றாக விலக்கித்தான் உருட்ட வேண்டும்.

உள்ளே ஒரு பக்கமாக ஈயம் வைத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். மரத்தில் கடைந்த காலத்தில் அப்படியும் செய்தார்கள். இன்றைய பவுல் ஒரே சீரான பிளாஸ்டிக். சூட்சுமமெல்லாம் வடிவத்தில்தான். இரு பக்க வளைவும் ஒன்றுபோல் இராது. அதனால் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர்மேலே இல்லாமல், நிறை மையம் ஒரு பக்கமாகச் சற்றே தள்ளியிருக்கும்.

ஈர்ப்பு விசை அந்தப் பக்கமாக அதைச் சாய்க்கப் பார்க்கிறது. உருளும் பவுலோ சட்டென்று சாய்ந்துவிடாமல் அந்தப் பக்கம் திரும்புகிறது. உருட்டிவிட்ட நாணயம் ஓயும் நேரத்தில் சாய்ந்த பக்கமாகவே வட்டமடிக்குமே, அதே கணக்கு. வேகமாகச் சுழலும்வரை கோண உந்தம் அதிகம். ஈர்ப்பு விசையால் அச்சை அவ்வளவாகத் திருப்ப முடியாது. பாதை வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆரம் கால்பங்காகிவிடும்.

பக்கத்து ஆட்டத் தடத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். ஒரு பாட்டி முழங்காலை மடக்கி, கையைப் புல்லோடு ஒட்டி பவுலை விட்டார். பாதித் தூரம்வரை அது ஜாக்கைச் சட்டை செய்யாமல் எங்கோ போனது. வேகம் தளர்ந்த பிறகுதான் உள்ளே திரும்பியது. முன்னால் காவல் நின்ற எதிரணிப் பவுலைச் சுற்றிக்கொண்டு போய் ஜாக்கை உரசி நின்றது. உடனே அந்தப் பவுல்மேல் சாக்பீஸால் குறி போட்டார்கள். குறி விழுந்த பவுல் பிறகு ஓரப் பள்ளத்தில் தள்ளப்பட்டாலும் ஆட்டத்தில் கணக்குண்டு. பலசாலி இளைஞர்கள் இத்தகைய பாட்டிகளிடம் தோற்பது ஏன் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வலுவாக எறிந்தால் பவுல் ஏறக்குறைய நேராகவே ஓடும். காவலைத் தகர்க்க அது உதவும், சுற்றிப் போக உதவாது.

தரைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பவுல் 27 மீட்டர் உருண்டு நிற்க எத்தனை வினாடி ஆகிறதோ, அதுதான் தரையின் 'வேகம்'. எண் கூடினால் வேகமான தரை! தலைகீழாகத் தோன்றினாலும் சரிதான். உராய்வு குறைந்த தரையில் மெல்ல உருட்டினாலே அவ்வளவு தூரம் போகும். மெல்லப் போவதால் நேரம் கூடும். 12 வினாடித் தரையில் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் விட வேண்டிய பவுலை, 15 வினாடித் தரையில் 3.6 மீட்டர் வேகத்தில் விட்டால் போதும்.

இந்தத் தரை வேகம் நாட்டுக்கு நாடு மாறும். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்திய மகளிர் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று தங்கம் வாங்கியது இங்கிலாந்துத் தரையில். அந்நாட்டுத் தரைகள் பொதுவாக மந்தமானவை. பவுலுக்குக் கூடுதல் வேகம் தேவை, வளைவும் குறைவு. அங்கே பழகிய கை ஆஸ்திரேலியாவுக்கு வந்தால் முதல் சில பவுல்கள் ஜாக்கைத் தாண்டி நேரே பள்ளத்துக்குத்தான் போகும். இங்குள்ளவர்கள் பலர் குறைவாக வளையும் ரகப் பவுல்களை விரும்பி வாங்குவதும் இந்த வேகத் தரைகளால்தான்.