நிரலக வசதி கண்டறிதலும் பதிப்புச் சரிபார்ப்பும்

வசதி கண்டறிதல் என்பது, ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டமைக்கும்போது, அதற்குத் தேவையான செயற்கூறு கணினியிலுள்ள நிரலகத்தில் (லைப்ரரி) இருக்கிறதா என நேரடியாகச் சோதித்து அறியும் முறையாகும். பதிப்புச் சரிபார்ப்பு என்பது, நிரலகத்தின் பதிப்பு எண்ணைப் படித்து அவ்வசதி இருக்கும் அல்லது இராது என ஊகிக்கும் முறையாகும்.

செயல்படும் விதம்

1991-இல் தொடங்கப்பட்ட குனூ ஆட்டோகான்ஃப் வசதி கண்டறிதலைப் பரவலாக்கியது. இது உருவாக்கும் படிவநிரல், தேவையான செயற்கூற்றை அழைக்கும் சில வரி சி நிரலை எழுதி, அதைத் தொகுத்து இணைத்துப் பார்க்கும். இணைப்பு வெற்றி பெற்றால் வசதி உண்டு என ஒரு தலைப்புக் கோப்பில் குறித்துவைக்கும். சிமேக் கருவியிலும் இத்தகைய சோதனைகள் உள்ளன.

பதிப்பு எண் பொய்க்கும் இடங்கள்

ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்திலிருந்து 2014-இல் லிப்ரஎஸ்எஸ்எல் பிரிந்தது. இது ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு எண்ணாக 2.0.0-ஐக் காட்டியது. 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 புதிய செயற்கூறுகளுடன் வெளிவந்தது. "பதிப்பு 1.1.0 அல்லது அதற்கு மேலா?" எனக் கேட்ட மென்பொருள்களுக்கு லிப்ரஎஸ்எஸ்எல் "ஆம்" என்றது, ஆனால் அச்செயற்கூறுகள் அதில் இல்லாததால் கட்டமைப்பு பிழையில் முடிந்தது. எனவே பலர் "லிப்ரஎஸ்எஸ்எல் எனில் இல்லை" என்ற நிபந்தனையைச் சேர்த்தனர். 2018-இல் லிப்ரஎஸ்எஸ்எல் 2.7 அவற்றுள் பலவற்றைச் சேர்த்தபோது, அந்த நிபந்தனையும் தவறானது. செயற்கூற்றின் பெயரையே சோதித்திருந்தால் இரு முறையும் சரியான விடை கிடைத்திருக்கும்.

லினக்சு வழங்கல்களிலும் பதிப்பு எண் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஆர்ட்பிளீட் வழுவை ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 2014 ஏப்ரலில் 1.0.1ஜி பதிப்பில் திருத்தியது. டெபியன் 7 அத்திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் பழைய 1.0.1இ பதிப்பிலேயே பொருத்தியது. எண் பழையது, வழுவோ நீங்கியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

வசதிச் சோதனையின் வரம்புகள்

ஒரு செயற்கூறு இருப்பதாலேயே அது பிழையின்றி இயங்கும் எனக் கொள்ள முடியாது. ஆர்ட்பிளீட் போன்ற வழுவை இணைப்புச் சோதனை காட்டாது. வழங்கலின் பொதித் திருத்த எண்ணையே பார்க்க வேண்டும். நடத்தையை அறிய நிரலை இயக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. ஆனால் இன்டெல் கணினியில் ஆர்ம் சில்லுக்கான நிரலைத் தொகுக்கும்போது, அதை அங்கேயே நேரடியாக இயக்க இயலாது. மேலும், ஒவ்வொரு சோதனையும் கட்டமைப்பு நேரத்தைக் கூட்டும்.

தேர்வு

செயற்கூறு உள்ளதா என்பதே கேள்வியானால் வசதி கண்டறிதல் பொருத்தமானது. குறிப்பிட்ட பதிப்பில் அறியப்பட்ட வழுவைத் தவிர்க்கவோ, இயக்கிச் சோதிக்க முடியாத நிலையிலோ பதிப்புச் சரிபார்ப்பு உதவும். பல திட்டங்கள் குறைந்தபட்சப் பதிப்பை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, மாறக்கூடிய வசதிகளைத் தனித்தனியே சோதிக்கின்றன.