பெட்டிமேல் பெட்டி: துறைமுக விளையாட்டு கற்றுத் தந்த பாடம்

பள்ளி விட்டதும் பாடி சந்திப்பில் சாலையைக் கடக்கக் காத்து நிற்கும்போது, நம்மை முந்திக்கொண்டு செல்பவை எவை? நீண்ட டிரெய்லர் லாரிகளும், அவற்றின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கும் சிவப்பு, நீல, பச்சை இரும்புப் பெட்டிகளுமே. அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன, யார் அவற்றை அடுக்குகிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு கணிப்பொறி விளையாட்டு. அதைப் பற்றியும், அதன் வழியாக நாங்கள் அறிந்துகொண்ட துறைமுகப் பணியைப் பற்றியும் எங்கள் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலாண்டு விடுமுறையில் தோழி ஒருத்தியின் வீட்டில் நாங்கள் நால்வர் கூடினோம். அவள் அண்ணன் விளையாடும் துறைமுக விளையாட்டு ஒன்று அங்கே இருந்தது. திரையில் கப்பல் வரும். கிரேனை இயக்கிப் பெட்டிகளை இறக்க வேண்டும். முற்றத்தில் அடுக்க வேண்டும். வாசலில் வரும் லாரிகளுக்கு உரிய பெட்டியை ஏற்றி அனுப்ப வேண்டும். கப்பல் தாமதித்தால் பணம் குறையும். நாங்கள் விறுவிறுவென்று கப்பலைக் காலி செய்தோம். பெருமையும் கொண்டோம். ஆனால் சற்று நேரத்தில் முற்றம் நிரம்பி வழிந்தது, வாசலில் பதினைந்து லாரிகள் சிவப்பு விளக்குடன் நின்றன, ஆட்டம் முடிந்துவிட்டது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோழியின் தந்தை சிரித்தார். அவர் டிரெய்லர் லாரி ஓட்டுநர். "கப்பலைப் பார்த்தீங்க, லாரியைப் பார்க்கலையேம்மா!" என்றார். அன்று மாலை முழுவதும் அவர்தாம் எங்களுக்கு ஆசிரியர். அவர் சொன்னவற்றோடு நூலகத்தில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

முதலில் அந்த இரும்புப் பெட்டியின் கதை. முன்னாளில் கப்பல் சரக்கு என்றால் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று பலவகை. ஒவ்வொன்றையும் தொழிலாளர் தோளிலும் வலையிலும் தூக்கி ஏற்ற வேண்டும். ஒரு கப்பலை நிரப்பப் பல நாட்கள் ஆகும். அமெரிக்காவில் லாரி நிறுவனம் நடத்தி வந்த மால்கம் மெக்லீன் என்பவர், சரக்கைப் பெட்டியோடு அப்படியே தூக்கி வைத்தால் என்ன என்று எண்ணினார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன ஏற்றுக்கூலி 16 சென்ட் அளவுக்கு இறங்கியதாகக் கணக்கிட்டார்கள். பிறகு பெட்டிகளுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு வகுக்கப்பட்டது. இருபது அடி நீளம், எட்டு அடி அகலம் கொண்ட பெட்டியே இன்றும் துறைமுகக் கணக்கின் அடிப்படை அலகு. நாற்பது அடிப் பெட்டியை இரண்டு அலகாகக் கொள்வர். இந்த மாற்றத்தால் பொருள்கள் மலிந்தன என்பது உண்மை. பல நாடுகளில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் வேலை இழந்தார்கள் என்பதும் உண்மை.

நம் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்நாளில் கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களும் சரக்கும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. 1861இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. பின்னர் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டு, வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. மனம் தளராமல் மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை தலைமை வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுகத்தின் வாயில் கிழக்கிலிருந்து வடகிழக்கிற்கு மாற்றப்பட்டது. 1983இல் அங்கே சரக்குப் பெட்டக முனையம் செயற்படத் தொடங்கியது. வடக்கே எண்ணூரில் 2001இல் தொடங்கிய துறைமுகம் இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, அடுக்கும் கலைக்கு வருவோம். கப்பலில் கனமான பெட்டி கீழே, இலேசானது மேலே இருக்க வேண்டும். இல்லையேல் கப்பல் நிலை தடுமாறும். கடைசித் துறைமுகத்தில் இறங்க வேண்டியது அடியில், முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டியது மேலே இருக்க வேண்டும். குளிரூட்டும் பெட்டிக்கு மின்சார இணைப்பு அருகில் இருக்க வேண்டும். பெட்டியின் எடையைப் பொய்யாக எழுதினால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். 2007இல் ஆங்கிலக் கால்வாயில் விபத்துக்குள்ளான 'எம்.எஸ்.சி. நாப்போலி' கப்பலின் மேல்தளப் பெட்டிகளை எடை போட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எழுதிய எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டு விதி.

கப்பலை விடக் கடினமானது முற்றம். இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஆறு தீப்பெட்டிகளை எடுத்து 1 முதல் 6 வரை எண்ணிடுங்கள். மேசையில் மூன்று இடங்கள் குறியுங்கள். ஓர் இடத்தில் மூன்று பெட்டிக்கு மேல் அடுக்கக் கூடாது. முதல் இடத்தில் அடியிலிருந்து 1, 2, 3, அடுத்த இடத்தில் 4, 5, 6, மூன்றாவது காலி. இப்போது லாரிகள் 1, 2, 3 என்ற வரிசையிலேயே பெட்டி கேட்டு வருகின்றன. 1ஐ எடுக்க வேண்டுமானால் முதலில் 3ஐயும் பிறகு 2ஐயும் காலி இடத்திற்கு மாற்ற வேண்டும். 4க்கும் அதே தொல்லை. ஆறு பெட்டிகளை அனுப்பப் பத்து முறை தூக்கினோம்; நான்கு தூக்கல் வீண். முதலில் போக வேண்டியதை மேலே வைத்திருந்தால் ஆறே தூக்கலில் வேலை முடிந்திருக்கும்.

ஜப்பானில் 1982இல் வெளிவந்த 'சோகோபன்' என்னும் புகழ்பெற்ற கணிப்பொறி விளையாட்டும் இத்தகையதே. அப்பெயருக்குக் கிடங்குக் காவலர் என்று பொருள். பெட்டியைத் தள்ளும் முன் யோசிக்காவிட்டால் வழியே அடைபட்டுப்போகும். உண்மைத் துறைமுகத்திலோ இன்னொரு சிக்கலும் உண்டு: எந்த லாரி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சாலை நெரிசல், ஆவணத் தாமதம், சுங்கச் சோதனை எதுவும் வரிசையை மாற்றிவிடும். அதனால்தான் பல துறைமுகங்களில் லாரிகள் முன்பதிவு செய்து குறித்த நேரத்தில் வரும் முறையைக் கையாளுகிறார்கள். கிரேன் இயக்குபவர்களும் இக்காலத்தில் விளையாட்டுத் திரை போன்ற பயிற்சிக் கூண்டில் அமர்ந்து பழகிய பிறகே, பல மாடி உயரத்திலுள்ள உண்மைக் கூண்டில் ஏறுகிறார்கள்.

எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினையாகவும் மாறலாம். 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி வந்ததும், 2015இல் சுங்கத் துறை கைப்பற்றிய அதே பொருள், சுமார் 700 டன், நம் மணலியில் ஒரு பெட்டகக் கிடங்கில் 37 பெட்டிகளில் இருப்பது பேசப்பட்டது. அந்த மாதத்திலேயே அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்டுகள் நம் வீடுகளுக்கு இவ்வளவு அருகில் அது இருந்தது என்று அறிந்தபோது நாங்கள் திகைத்துப் போனோம்.

இவ்வளவும் கேட்ட பிறகு தோழி ஒன்று சொன்னாள். "போன வருஷம் பரிசளிப்பு விழாவில் நான் பரிசு வாங்கினப்போ அப்பா வரவில்லை. வேண்டுமென்றே வரவில்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்." அன்று அவர் லாரி வரிசையில் நின்றிருந்தார். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. வண்டியை விட்டு இறங்கிப் போக வழியில்லை. சாலையோரக் கடையில் டீயும் பன்னும் சாப்பிட்டு இரவைக் கழித்தாராம். விளையாட்டில் அது ஒரு சிவப்பு விளக்கு. அவர்கள் வீட்டில் அது காலியாக இருந்த ஒரு நாற்காலி.

இந்த நெரிசலைக் குறைக்க, துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை மேம்பாலச் சாலை அமைக்கும் பணி 2009இல் தொடங்கப்பட்டு, 2012இல் நின்று போனது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்தில் ஈரடுக்குச் சாலையாக அதற்கு 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. சாலை வேண்டும்தான். ஆனால் சாலை முடியும் இடத்தில் அடுக்கு சரியாக இல்லையென்றால் லாரி அங்கேயும் நிற்கத்தானே வேண்டும்?

மறுநாள் நாங்கள் மீண்டும் விளையாடினோம். இம்முறை பெட்டியை இறக்கும் முன் ஒவ்வொன்றும் எப்போது வெளியேறும் என்று தாளில் எழுதிக்கொண்டோம். ஒருத்தி வாசலை மட்டுமே கவனித்தாள். கப்பல் சற்றுத் தாமதமாகவே புறப்பட்டது. எங்கள் பணம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வாசலில் ஒரு லாரியும் சிவப்பாகவில்லை. தோழியின் தந்தை எட்டிப் பார்த்து, "இந்தத் துறைமுகத்துக்கு நான் தினமும் வருவேன்!" என்றார்.

அன்புத் தோழியரே, பாடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் உருவாகும் உதிரிப் பாகங்கள் கடல் கடந்து செல்வதும், நம் வீட்டுப் பொருள்கள் பல கடல் கடந்து வருவதும் இந்தப் பெட்டிகளில்தான். நாளை நம்மில் ஒருத்தி துறைமுகத்தின் திட்டப் பிரிவில் அமரலாம். ஒருத்தி கிரேன் கூண்டில் ஏறலாம். அப்போது திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போம். அதுவரை, சந்திப்பில் நமக்காக வண்டியை நிறுத்தும் ஓட்டுநருக்கு ஒரு புன்னகையாவது தருவோம். இரவெல்லாம் வரிசையில் நின்றுவிட்டு வருபவராகவும் அவர் இருக்கலாம்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்