சங்கக் கணக்குகளுக்கு ஒரு காப்புப் பெட்டி

நெசவாளர் பெற்றுச் சென்ற நூலின் எடை, அவருக்குச் சேர வேண்டிய கூலி, உழவர் வாங்கிய கடன், அவர் கட்டிய தவணை ஆகியவை முன்னாளில் பேரேட்டில் இருந்தன. இப்பொழுது பல சங்கங்களில் அவை கணிப்பொறியில் இருக்கின்றன. பேரேட்டைக் கறையான் அரிக்கச் சில காலமாகும். கணிப்பொறியின் வன்தட்டோ ஒரே நாளில் பழுதாகக்கூடும். அங்ஙனம் நேர்ந்தால், தாம் கட்டிய பணத்துக்கு அங்கத்தினர் எதைச் சான்று காட்டுவார்? ஆகவே கணக்குக்கு மறுபிரதி இன்றியமையாதது. அதற்குரிய சேமிப்புப் பெட்டியை அலுவலக வலையமைப்பில் இணைக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

‘நாஸ்’ எனப்படும் இப்பெட்டியில் இரண்டு வன்தட்டுகளேனும் இருத்தல் நலம். ‘ரெய்டு 1’ என்னும் முறையில் ஒரே செய்தி இரண்டிலும் பதிவாகும். ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும்.

பெட்டியை ஈதர்நெட் கம்பியால் அலுவலக ஸ்விட்ச்சுடன் இணைக்க வேண்டும். ‘கேட் 6’ கம்பி ஏற்றது. நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. ஸ்விட்ச் கிகாபிட் வகையாயின், 200 கிகாபைட் அளவுள்ள பதிவுகள் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் பெட்டியைச் சேரும். 100 மெகாபிட் வகையாயின் நாலரை மணி நேரத்துக்கு மேலாகும். முதல் நாளுக்குப்பின் மாறிய பதிவுகளை மட்டும் இரவில் அனுப்பினால் போதும். மின்சாரம் திடீரென நின்றால் பதிவு சிதையக்கூடுமாதலால், பெட்டிக்கு யூ.பி.எஸ். இணைப்பும் தேவை.

அடுத்து, பெட்டிக்கு நிலையான முகவரி ஒன்று தரவேண்டும். 192.168.1.50 போன்ற எண் தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. ரௌட்டர் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே அதைத் தேர்ந்துகொண்டால், ஒரே முகவரி இரு கருவிகளுக்குப் போய்க் குழப்பம் விளையாது.

இனிக் காவலைக் கவனிப்போம். 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் பற்பல நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ‘எஸ்.எம்.பி.’ என்னும் கோப்புப் பகிர்வு முறையின் பழைய முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே அது பரவிற்று. ஆதலால் அப்பதிப்பைப் பெட்டியில் நிறுத்திவிடுக. பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுக. மறுபிரதி எடுப்பதற்கெனத் தனிக் கணக்கு ஒன்று அமைத்து, அன்றாடம் வேலை செய்யும் கணக்குகளுக்கு அங்கே எழுதும் உரிமை கொடாதீர்கள். பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்துவிடலும் ஆகாது.

இவ்வளவும் செய்தபின், பெட்டி ஒன்றே போதுமென இருந்துவிடலாகாது. தவறுதலாக ஒரு பதிவை அழித்தால், இரு தட்டுகளிலும் அது ஒருங்கே அழியும். எனவே முந்திய நாட்களின் பிரதிகளையும் சில வாரம் வைத்திருக்க வேண்டும். தீயும் வெள்ளமும் அலுவலகம் முழுவதையுமே கொள்ளும் என்பதை 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளம் காட்டிற்று. வாரம் ஒருமுறை தனி வன்தட்டில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வேறு கட்டடத்தில் பூட்டி வைப்பது அறிவுடைமை.

மீட்டுப் பார்க்காத பிரதி நம்பத்தக்கதன்று. மாதம் ஒருமுறை ஓர் அங்கத்தினர் கணக்கைப் பெட்டியிலிருந்து மீட்டு, மூலத்துடன் ஒப்பிட வேண்டும். “சென்ற மாதம் மீட்டுப் பார்த்தீர்களா?” என்று மகாசபையில் கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரிமை, கடமையுமாகும்.