கிளைம் எங்கே நிற்கிறது?

விபத்தில் சிக்கிய காருக்கான காப்பீட்டுத் தொகை நான்கு கை மாறி வர வேண்டும்: காவல் நிலையம், பட்டறை, சர்வேயர், காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவு. தாமதம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த நால்வரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பதுதான். "சர்வேயர் ரிப்போர்ட் வரவில்லை" என்பார் கம்பெனிக்காரர். "பட்டறை எஸ்டிமேட் தரவில்லை" என்பார் சர்வேயர். "அப்ரூவல் வந்தால்தான் வண்டியில் கை வைப்போம்" என்பார் பட்டறைக்காரர். ஆனால் முக்கியமான கட்டங்களுக்கு இன்று விதிப்படி ஒரு கெடு உண்டு. கோப்பு எந்தக் கட்டத்தில் முடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்காடு போன்ற மலையூரில் இந்தச் சங்கிலி இன்னும் நீளம். சேலம் அடிவாரத்திலிருந்து ஒண்டிக்கடைக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கோடை விழா நடக்கும் மே மாதத்தில், மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர்களின் கார்கள் வரிசைகட்டி ஏறி இறங்கும். 2024 ஏப்ரல் இறுதியில் தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனது போன்ற பெரு விபத்துகள் அரிது. அடிக்கடி நடப்பவை சின்னவை: ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருண்டு அடுத்த வண்டியில் இடிப்பது, பக்கச் சுவரில் உரசுவது, பனிமூட்டத்தில் காட்டெருமை குறுக்கே வருவது, மழையில் சரிந்து கிடக்கும் கல்லில் ஏறிவிடுவது. அடிபட்ட வண்டி மலைமேல் நிற்கும். பெரிய சர்வீஸ் சென்டரும் காப்பீட்டு அலுவலகமும் சர்வேயரும் கீழே சேலத்தில்.

முதலில் பார்க்க வேண்டியது பாலிசி எந்த வகை என்பதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 146ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது தேர்ட் பார்ட்டி காப்பீட்டை மட்டும்தான். அது அடுத்தவருக்கு நேர்ந்த இழப்பைத் தரும். சொந்தக் காரின் பம்பருக்கு ஒரு பைசா தராது. பழைய காருக்கு செலவைக் குறைக்க இதை மட்டும் எடுத்தவர்கள் பலர் பட்டறை வாசலில்தான் அதை உணர்கிறார்கள். ஏஜென்டுகள் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் சொந்தச் சேதமும் அடங்கும். மோதல், தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றோடு நிலச்சரிவும் பாறை உருளலும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதுபோன்ற சரிவில் சிக்கும் காருக்கு, 'இயற்கையின் செயல்' என்று சொல்லிக் கைவிரிக்க நிறுவனத்துக்கு வழியில்லை.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஆனால் அவற்றைப் பிறகு செய்ய முடியாது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலுதவி, காவல் நிலையத்துக்குத் தகவல், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் ஆகியவை 134ஆவது பிரிவின்படி ஓட்டுநரின் சட்டக் கடமை. வண்டியை நகர்த்தும் முன் நம்பர் பிளேட் தெரியும்படி நாலா பக்கமும் படம், சாலையோடு சேர்த்து ஒரு படம், எதிர் வண்டியின் எண் ஆகியவை வேண்டும். வளைவு எண் எழுதிய பலகை பக்கத்தில் இருந்தால் அதுவும் படத்தில் வருவது நல்லது. பின்னாளில் இடம் குறித்துக் கேள்வி எழுந்தால் அந்தப் பலகைதான் சாட்சி. நிறுவனத்தின் இலவச எண்ணில் அழைத்து கிளைம் எண் வாங்க வேண்டும். விதிகள் காட்டும் கெடுக்கள் ஓடத் தொடங்குவது அந்தத் தகவலிலிருந்துதான்.

எல்லா விபத்துக்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வேண்டியதில்லை. சுவரில் உரசிய காருக்குப் பெரும்பாலும் கிளைம் படிவமும் படங்களும் போதும். திருட்டு, உயிரிழப்பு, காயம், அடுத்தவர் சொத்துக்குப் பெருஞ்சேதம் என்றால் எஃப்.ஐ.ஆர். தேவை. நடுத்தரமான வழக்குகளில் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தரும். பல நிறுவனங்கள் அதை ஏற்கும். ஏற்குமா என்பதை நிலையத்தில் இருக்கும்போதே போனில் கேட்டுவிட்டால், பின்னர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மறுபடி மலையேறி வரும் அலைச்சல் மிச்சம். காயம் பட்ட வழக்கில் வண்டி நிலைய வாசலில் நிற்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்த பிறகே பட்டறைக்குப் போகும். ஆய்வு முடித்து 24 மணி நேரத்துக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 136ஆவது பிரிவு. அதை நிலையத்தில் பணிவாக எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

மலைப்பாதைக்கே உரிய ஒரு வில்லங்கம் ஆயில் சம்ப். சாலையில் கிடக்கும் கல் ஒன்று காரின் அடிவயிற்றில் இடிக்கிறது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால் வெளியே ஒரு கீறலும் இல்லை. அடியில் சம்ப் விரிசல் விட்டு ஆயில் சொட்டுகிறது. 'எல்லாம் இறக்கம்தானே, சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று வண்டியை எடுக்கிறார்கள். கியரில் இறங்கும் வண்டியின் எஞ்சின் ஆயில் இல்லாமல் சுற்றுகிறது. சில வளைவுகள் தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அப்புறம் 'சீஸ்' ஆகிவிடும். கல் இடித்தது விபத்து. சம்ப்புக்குப் பணம் வரும். எஞ்சின் போனது விபத்தின் நேரடிச் சேதமல்ல, பழுதான வண்டியை ஓட்டியதன் விளைவு. விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் கூடும் சேதம் முழுக்க உரிமையாளரின் பொறுப்பு என்று பேக்கேஜ் பாலிசியின் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. சம்ப்புக்குச் சில ஆயிரம், எஞ்சினுக்கு லட்சக் கணக்கு. மாதக் கணக்கில் இழுத்துக் கடைசியில் வெறுங்கையோடு முடியும் கிளைம்களில் இந்த வகைக்குத் தனி இடம் உண்டு. 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்களுக்கும் அதன் நிபந்தனைகளைப் பொறுத்தே பணம். ஆகவே சிவப்பு விளக்கோ ஆயில் திட்டோ தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். ரெக்கவரி வண்டிதான் இறக்க வேண்டும். அதற்குப் பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். கிரேன் வைத்துப் பள்ளத்திலிருந்து தூக்க நேர்ந்தால் அது எந்த மூலைக்கும் போதாது. சாலையோர உதவி என்ற இணைப்பு இருக்கிறதா என்று மலையேறும் முன்பே பார்ப்பது உத்தமம்.

வண்டி பட்டறை சேர்ந்ததும் சர்வேயர் வருகிறார். மோட்டார் இழப்பு 50,000 ரூபாயைத் தொட்டால் உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீடு தேவை. அதற்குக் கீழே நிறுவனம் தன் ஊழியரை அனுப்பியோ வீடியோவில் பார்த்தோ முடித்துக்கொள்ளலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை கெடுவை இறுக்கியது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். முன்பு சர்வேயரை நியமிக்க மட்டுமே 72 மணி நேரம் இருந்தது.

காகிதத்தில் இருக்கும் வேகம் பட்டறையில் இருப்பதில்லை. முதல் எஸ்டிமேட்டில் வெளியே தெரியும் சேதம்தான் இருக்கும். பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டர் நசுங்கியிருக்கும். அதற்குத் துணை எஸ்டிமேட், மறுபடி சர்வேயரின் ஒப்புதல். பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். இந்த நாட்களுக்கு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்து முழு எஸ்டிமேட்டையும் ஒரே தடவையில் தரச் சொல்லிப் பட்டறையை நெருக்கினால் பாதி நாள் மிச்சமாகும். நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள கேஷ்லெஸ் பட்டறையில் இந்த ஓட்டம் கொஞ்சம் சுருக்கம். தெரிந்த மெக்கானிக்கிடம் டிங்கரிங் செய்து, பில் கொடுத்துப் பணம் வாங்குவதும் உரிமைதான். சர்வேயர் பார்க்கும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது, கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடவும் கூடாது.

தாமதத்தின் இன்னொரு முகம் ஆவணம். ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, எஸ்டிமேட் கொடுத்த பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் புதிதாக ஒரு காகிதம் கேட்பது பழைய வழக்கம். உரிமையாளரால் தர இயலாத ஆவணத்தைக் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் குர்மெல் சிங் வழக்கில் சொன்னது. திருடுபோன லாரிக்கு ஆர்.சி.யின் சான்றிட்ட நகலைக் கேட்டார்கள். அவரோ நகலைக் கொடுத்திருந்தார், பதிவு அலுவலகம் சான்றிட்ட நகல் தர மறுத்துவிட்டது. தேவையான ஆவணங்கள் அத்தனையையும் ஒரே மின்னஞ்சலில் பட்டியலிட்டுத் தரும்படி முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்பது இதற்கு நல்ல மருந்து. போனில் பேசியது எதுவும் பின்னால் கணக்கில் வராது.

பணம் வந்தாலும் பில் தொகை முழுதாக வராது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு. மூன்றிலிருந்து நான்கு வயதுள்ள காருக்கு 25 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. அப்படியொரு காரில் பம்பர் 10,000, பானெட் 12,000, முன் கண்ணாடி 8,000 என்று வைத்துக்கொண்டால் ஒப்புக்கொள்ளப்படுவது 5,000, 9,000, 8,000. அதில் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கான கட்டாயக் கழிவு 1,000 போக, 30,000 ரூபாய் பில்லுக்கு 21,000 வரும். 'பம்பர் டு பம்பர்' என்கிற ஜீரோ டெப் எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு விழாது. சின்ன அடிக்கு கிளைம் போடாமல் இருப்பதே லாபமாகவும் முடியலாம். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய், கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகத் தள்ளுபடியாகத் தரும் நோ கிளைம் போனஸ் உச்சமான 50 சதவீதம் என்றால், ஒரு கிளைமில் போனஸ் பூஜ்யமாகும். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50ஐ எட்டும்வரை இழக்கும் தள்ளுபடி மொத்தம் 10,000 ரூபாய். 6,000 ரூபாய் உரசலுக்கு அது கட்டுபடியாகாது.

மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மது, லைசென்ஸ், வாடகை. முதலாவதில் வாதிடப் பெரிதாக இடமில்லை. இரண்டாவதில் 2024 நவம்பரில் ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பழைய சிக்கலை அவிழ்த்தது: இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம். சுற்றுலா வேன், டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வெள்ளை போர்டு காரில் பயணிகளை வாடகைக்கு ஏற்றி விபத்தானால் நிறுவனம் ஒரேயடியாக மறுக்கும். 2010இல் அமலேந்து சாஹூ வழக்கில், அத்தகைய மீறலுக்கும் ஒப்புக்கொள்ளத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்று தீர்ப்பானது. வாடகைக்கு ஓட்ட அது அனுமதிச் சீட்டல்ல. முழு மறுப்புக் கடிதம் வந்தால் எடுத்துக்காட்டத்தக்க தீர்ப்பு, அவ்வளவுதான்.

கெடு தாண்டிவிட்டால் முதல் கதவு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளம், 155255 என்ற எண். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீல் கூடாது. 50 லட்சம் வரை இழப்பீடு வழங்க முடியும். தீர்ப்பை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்குத் தர வேண்டும். தாமதமான தொகைக்கு வங்கி விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி உண்டு. கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. நுகர்வோர் ஆணையம் தனி வழி. சேலத்திலேயே இருக்கிறது, இரண்டாண்டுக்குள் போகலாம். குறைத்துக் கொடுத்த தொகையை வாங்க டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது என்று 2015இலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

தவறு எதிர் வண்டியுடையது என்றால் அவருடைய நிறுவனத்திடம் கேட்பதே நியாயம் என்று தோன்றும். அது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வழியே போகும் நெடும்பாதை. வண்டிச் சேதத்துக்குச் சொந்தப் பாலிசியில் வாங்கிக்கொண்டு, எதிர்த் தரப்பிடம் வசூலிப்பதைத் தன் நிறுவனத்திடமே விட்டுவிடுவது விரைவானது. காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அந்தத் தீர்ப்பாயம்தான் இடம். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், மனுவைத் தள்ளிப்போட அதை நம்பியிருப்பது ஆபத்து. விபத்து நடந்த எல்லையில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. ஏற்காட்டில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம்.